சம்பளச் சீட்டில் வராத கணக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றிருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். திருச்சிராப்பள்ளியில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலைக்கு வந்த நியமன ஆணை அது. அவர் இப்போது கும்பகோணத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். மாதம் 18,000 ரூபாய் பெறுகிறார். புதிய வேலையில் 27,000. சுற்றி நின்றவர்கள் மகிழ்ந்தார்கள், கைகுலுக்கினார்கள். "இதற்கு மேல் என்ன யோசனை? பெட்டியைத் தூக்கு" என்றார் ஒரு பெரியவர்.

"தினமும் போய்வரப் போகிறீர்களா, தம்பி?" என்று கேட்டேன்.

"ஆமாம் சார். இங்கே சொந்த வீடு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பிள்ளை இங்கேதான் படிக்கிறாள். குடும்பத்தோடு அங்கே போனால் கூட வருகிற பணம் வாடகைக்கே சரியாகிவிடும்."

"வீட்டில் என்ன சொன்னார்கள்?"

அவர் சற்று வியப்புடன் என்னைப் பார்த்தார். "சம்பளம் கூட வருகிறதே சார். அவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள்?"

இந்தப் பதிலை எதிர்த்துத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். அந்த இளைஞர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் நம்மிடம் கற்றதையே நம்மிடம் ஒப்பித்தார். சம்பளம் கூடினால் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை என்பது இன்று நம் இல்லங்களில் எழுதப்படாத சட்டமாகிவிட்டது. தூரம் என்பது போகிறவருடைய சொந்த விவகாரம், அவருடைய கால்வலி, அவருடைய தூக்கம் என்று எண்ணிவிட்டோம். இது பிழை. நீண்ட பயணத்தின் விலையில் பெரும்பகுதியைச் செலுத்துகிறவர்கள் பயணம் செய்யாமல் வீட்டில் இருப்பவர்கள். முடிவெடுக்கும்போது கேட்கப்படாதவர்களும் அவர்களே.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

உணர்ச்சியைச் சற்று ஒதுக்கிவைத்து, எண்களிலிருந்து தொடங்குவோம். கும்பகோணத்திலிருந்து திருச்சி ஏறத்தாழ 95 கிலோமீட்டர். வீட்டிலிருந்து ரயிலடிக்கு இருபது நிமிடம். வண்டிக்குக் காத்திருக்கும் நேரம். பாபநாசம், தஞ்சாவூர், பூதலூர், திருவெறும்பூர் என்று நின்று நின்று செல்லும் பயணம். திருச்சியில் இறங்கி நகரப் பேருந்தில் அலுவலகம். வாசற்படியிலிருந்து வாசற்படிக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக மூன்று, வர மூன்று, ஆக நாளொன்றுக்கு ஆறு மணி நேரம்.

மாதம் 26 நாள் வேலை. எட்டு மணி நேர உழைப்பும் ஆறு மணி நேரப் பயணமும் சேர்ந்து நாளுக்கு 14 மணி. மாதத்துக்கு 364 மணி நேரம். சீசன் சீட்டு, நகரப் பேருந்து, வண்டி நிறுத்துமிடம், வெளியில் உண்ணும் இரு வேளை உணவு, தேநீர், வண்டி தாமதமான நாட்களில் அவசரத்துக்கு ஏறும் ஆட்டோ ஆகிய எல்லாவற்றுக்கும் 3,500 ரூபாய் கழித்தால் மிஞ்சுவது 23,500. மணி ஒன்றுக்கு ஏறத்தாழ 65 ரூபாய்.

இப்போதைய வேலைக்கு வருவோம். எட்டு மணி நேர உழைப்பு. போய்வர அரை மணி. மாதத்துக்கு 221 மணி நேரம். 500 ரூபாய் செலவு போக 17,500. மணி ஒன்றுக்கு 79 ரூபாய்.

ஒன்றரை மடங்கு உயர்வு என்று கைகுலுக்கினோமே, அது ஒரு மணி நேர வாழ்நாளுக்கு 14 ரூபாய் இறக்கம். கூடுதலாகக் கைக்கு வரும் 6,000 ரூபாய்க்காக அவர் கூடுதலாகக் கொடுக்கப்போவது 143 மணி நேரம். வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 42 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26 நிதியாண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் அதுவும் 42 ரூபாய்தான். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. வாய்க்காலைத் தூர்த்து வரப்பைக் கட்டும் கைகள் நம் அனைவருக்கும் சோறு போடுகின்றன. ஆனால் பட்டம் பெற்ற மகனை அந்தக் கூலிக்கு அனுப்ப ஒப்பாத நாம், அதே விலைக்கு அவனுடைய விடியற்காலையையும் அந்திப்பொழுதையும் விற்றுவிட்டு இனிப்பு வழங்குகிறோம்.

ஓராண்டில் அந்த இளைஞர் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 59,000 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டில் இப்பூவுலகின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். ஆண்டுக்கு ஒன்றரை முறை உலகைச் சுற்றுகிறார். பார்த்த ஊர் ஒன்றுமில்லை. ஓராண்டில் வழியிலேயே கழியும் நேரம் 1,872 மணி. இரவு பகல் சேர்த்து முழுமையாக 78 நாட்கள்.

இந்த எண்கள் ஒவ்வொருவருக்கும் மாறும். தஞ்சாவூர் செல்பவருக்குத் தூரம் 40 கிலோமீட்டர்தான். மயிலாடுதுறைக்கும் அதற்குக் கிட்டத்தட்ட அதே தூரந்தான். அவர்களுடைய கணக்கு வேறாக முடியலாம், நல்லதாகவே முடியலாம். கணக்குப் போடாமல் கையெழுத்திடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஒரு மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். வேலையை வாங்கும்போது மட்டும் சம்பளத் தொகை ஒன்றைப் பார்த்துத் தலையாட்டுகிறோம்.

பன்னிரண்டை மறுத்தோம், பதினான்கை ஏற்கிறோம்

எட்டு மணி நேர வேலை நாள் வானத்திலிருந்து விழுந்ததன்று. அதற்காக உலகெங்கும் தொழிலாளர் அடிபட்டார்கள், சிறை சென்றார்கள். சிங்காரவேலர் சென்னையில் மே நாளைக் கொண்டாடியது 1923-இல். விடுதலைக்குப் பின் 1948-இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. பத்தே நாளில், மே நாளன்று, அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நாமும் அன்று கொதித்தோம். பன்னிரண்டு மணி நேரம் ஒரு மனிதனை வீட்டிலிருந்து பிரித்து வைப்பது அநீதி என்று சரியாகவே சொன்னோம்.

அதே நாம், பதினான்கு மணி நேரம் ஒருவரை வீட்டிலிருந்து பிரிக்கும் நியமன ஆணையைக் கண்டு மகிழ்வது எப்படி? முதலாளி எடுத்துக்கொண்டால் சுரண்டல். சாலை எடுத்துக்கொண்டால் முன்னேற்றமா? எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எஞ்சிய எட்டு மணி நேரம் மனிதனாக வாழ்வதற்கு என்று நாளை மூன்றாகப் பிரித்தார்கள் நம் முன்னோர். அந்த மூன்றாம் பங்கைத்தான் நாம் தண்டவாளத்தில் வைத்துவிட்டு வருகிறோம்.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடலில், மனத்தை மழுங்கச் செய்து உடலைத் தேய்க்கும் அளவுக்கு வேலை நேரம் நீளலாகாது என்று வலியுறுத்தினார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல், நியாயமான ஊதியத்தைக் குடும்பத்தின் தேவையோடு இணைத்துப் பேசினார். ஒரு குடும்பம் முறையாக வாழப் போதுமானதாக ஊதியம் இருக்கவேண்டும் என்றார். குடும்பத்துக்காகவே ஊதியம் என்றால், குடும்பத்தைப் பார்க்கவே நேரம் தராத ஊதியத்தை என்ன பெயரிட்டு அழைப்பது?

மேசைமேல் வைத்த மதிப்பெண் அட்டை

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் எழுதவில்லை. இதே ஊரிலிருந்து திருச்சிக்குப் பதினோரு ஆண்டுகள் நாள்தோறும் போய்வந்தவன் நான். அன்று கும்பகோணத்துக்கு மீட்டர்கேஜ் பாதைதான். ஊரில் இருந்த வேலையைவிடச் சம்பளம் கூட என்றுதான் நானும் போனேன். என்னையும் கைகுலுக்கித்தான் அனுப்பினார்கள்.

நான் ஐந்து மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டுமானால், என் மனைவி மூன்றே முக்காலுக்கு எழவேண்டும். பதினோரு ஆண்டுகளில் அவர் ஒரு நாள்கூட அதைக் குறையாகச் சொன்னதில்லை. நானும் ஒரு நாள்கூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. நான் வண்டியில் ஏறியதும் சன்னலோரம் சாய்ந்து தஞ்சாவூர் வரை உறங்குவேன். அவருக்கு உறங்க எந்த வண்டியும் இல்லை. என் தந்தையார் படுக்கையில் விழுந்தபோது மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றது அவர். தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஆள் தேடியது அவர். பள்ளியில் பெற்றோரை அழைத்தால் சென்று நின்றது அவர். இவை எவையும் என் சம்பளச் சீட்டில் பிடித்தமாக எழுதப்படவில்லை.

என் மகள் மாதத் தேர்வு மதிப்பெண் அட்டையை மேசைமேல் வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்துவிட்டு உறங்கிவிடுவாள். இரவில் வந்து கையெழுத்திடுவேன். மதிப்பெண்களைப் படித்த நினைவில்லை. எட்டாம் வகுப்பில் கணக்கில் தவறினாள். நான் கணக்கில் பட்டம் பெற்றவன். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு தனிப்பயிற்சி ஆசிரியரை வைத்தோம். அவருக்குக் கொடுத்த கட்டணம் நான் திருச்சி சென்று சம்பாதித்த கூடுதல் பணத்திலிருந்து வந்தது. வீட்டிலிருந்தால் நான் இலவசமாகச் செய்திருக்கக்கூடிய வேலையை, வீட்டைவிட்டுப் போய்ச் சம்பாதித்த பணத்தால் இன்னொருவரைக் கொண்டு செய்தேன். இதற்குப் பெயர் முன்னேற்றம் என்று பதினோரு ஆண்டுகள் நம்பினேன்.

இது என் ஒருவனுடைய பலவீனம் என்று தள்ளிவிட முடியாது. புரூனோ ஃபிரே, அலோய்ஸ் ஸ்டட்சர் என்ற சுவிட்சர்லாந்து பொருளியல் அறிஞர்கள் இருவர், ஜெர்மனி நாட்டுக் குடும்பங்களிடம் பல ஆண்டுகள் திரட்டப்பட்ட தகவல்களை வைத்து இதை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். நெடுந்தூரம் செல்பவர் அதற்கு ஈடாகக் கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ பெறுவதால் கணக்குச் சமன்படும் என்பது பொருளியலின் எதிர்பார்ப்பு. ஆனால் சமன்படவில்லை. பயண நேரம் நீள நீள, வாழ்க்கையில் மனநிறைவு குறைந்தே காணப்பட்டது. காரணம் நமக்கு விளங்காததன்று. கூடுதல் சம்பளம் மூன்றாம் மாதமே பழகிப்போகிறது. அதற்கேற்பச் செலவும் வளர்ந்துவிடுகிறது. தாமதமாகும் வண்டியோ எத்தனை ஆண்டானாலும் பழகுவதில்லை.

மறுப்புரைகளும் விடைகளும்

"ஊரைவிட்டுப் போகாதவன் உயர்ந்ததுண்டா? நம் இராமானுஜன் கும்பகோணத்திலேயே இருந்திருந்தால்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தார். ஆனால் அவர் சென்னையிலேயே குடியிருந்தார். தாயும் மனைவியும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஊரைவிட்டுக் குடிபெயர்தல் ஒன்று; நாள்தோறும் போய்வருதல் வேறொன்று. குடிபெயர்கிறவர் இழப்பதைத் தெரிந்தே இழக்கிறார். வளைகுடா நாட்டுக்கு மகனை அனுப்பும் தாய் அழுது அனுப்புகிறாள். பிரிவைப் பிரிவென்று அறிந்திருக்கிறாள். நாள்தோறும் போய்வருகிறவர் வீட்டில்தான் இருக்கிறார் என்று எல்லாரும் நம்புகிறார்கள். குடும்ப அட்டையில் பெயர் இருக்கிறது. கொடியில் சட்டை காய்கிறது. ஆள் மட்டும் இல்லை. இந்தப் பிரிவுக்கு யாரும் அழுவதில்லை. ஆகவே யாரும் ஈடும் கேட்பதில்லை.

"வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாதவனிடம் இதைச் சொல்லிப் பாரும்" என்பது அடுத்த மறுப்பு. இதற்கு நான் தலைவணங்குகிறேன். கடன்காரர் வாசலில் நிற்கும்போது, மேட்டூர் அணை திறப்பு தள்ளிப்போய்க் குறுவை பொய்த்த ஆண்டில், உள்ளூரில் வேலையே இல்லாதபோது, ஒருவர் தூரத்தை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. கிடைத்த வண்டியில் ஏறித்தான் ஆகவேண்டும். அவரைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நான் சொல்லும் இளைஞருக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. தேவைக்காகப் போவதையும் ஒப்பீட்டுக்காகப் போவதையும் நாம் வேறுபடுத்த வேண்டும். அடுத்த வீட்டுப் பையனுக்கு 30,000. நம் பையனுக்கு 18,000 என்பதால் வரும் குடைச்சல், பசி ஆகாது. பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார் என்று கேட்காத நமக்கும் அந்தக் குடைச்சலில் பங்கு உண்டு.

மூன்றாவது மறுப்பு என்னை உண்மையிலேயே தடுமாற வைத்தது. அதைச் சொன்னவர் ஒரு பெண். எங்கள் பாடற்குழுவில் பாடுபவர். தஞ்சாவூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்பவர். "ஐயா, நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டு எங்கள் வீடுகளில் முதலில் எங்களைத்தான் நிறுத்துவார்கள்" என்றார். அவர் சொன்னது உண்மை. மகனுக்குத் தூரம் என்றால் அது வீரம். மகளுக்குத் தூரம் என்றால் அது ஆபத்து. திருச்சியில் வேலை என்றதும் மகனுக்கு மாலை போடும் வீடு, தஞ்சாவூரில் வேலை என்றதும் மகளிடம் "அவ்வளவு தூரமா?" என்று முகம் சுளிக்கிறது. பல பெண்களுக்கு அந்தப் பேருந்துப் பயணமே வீட்டு வேலையும் மாமியார் குரலும் எட்டாத ஒரு மணி நேரம். தம் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு என்பதற்கான விலை. 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது எத்தனை பெண்கள் புதிதாக வேலை தேடி வெளியே வந்தார்கள் என்பதை நம் தெருக்களிலேயே கண்டோம்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். இக்கட்டுரையைக் காட்டி எந்தத் தந்தையாவது தன் மகளை வேலையிலிருந்து நிறுத்துவாரானால் அவர் இதைப் படிக்கவில்லை என்று பொருள். நான் கேட்பது ஒரே அளவுகோல். மகளுடைய பயணத்தில் வீடு என்ன இழக்கும் என்று நுணுகி நுணுகிக் கேட்கிறீர்களே, அதே கேள்வியை மகனிடமும் கேளுங்கள். மகனுக்காக நால்வர் விடியுமுன் எழுந்து சோறு கட்டுகிறார்களே, அதே துணையை மகளுக்கும் கொடுங்கள். வேலைக்குப் போகும் பெண் தானே எழுந்து, தானே சமைத்து, வீட்டாருக்கும் கட்டிவைத்துவிட்டு வண்டிக்கு ஓடுகிறாள் என்றால், அங்கே தூரத்தின் விலையை வீடு செலுத்தவில்லை; அவளே இருமுறை செலுத்துகிறாள்.

வழியில் போகும் நேரம் யாருடையது?

இதுவரை குடும்பத்தைக் கேட்டேன். இனி வேலை கொடுப்பவரைக் கேட்கவேண்டும். பயண நேரம் யாருடைய நேரம்? வேலைக்காகவே செலவாகும் நேரம் வேலையைச் சேர்ந்ததில்லையா?

1971-இல் கேரளத்தின் கொரட்டியில் ஒரு தொழிலாளி மிதிவண்டியில் தொழிற்சாலைக்குச் சென்றுகொண்டிருந்தார். வேலை தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. தொழிற்சாலை ஒரு கிலோமீட்டர் தொலைவில். லாரி மோதி எலும்பு முறிந்தது. அது வேலையின்போது நேர்ந்த காயம் ஆகாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒரு கிலோமீட்டர் அவருடைய சொந்தப் பொறுப்பு என்றாயிற்று. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தமே இதை மாற்றியது. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையது என்று நிறுவப்பட்டால், வேலையின்போது நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று எழுதினார்கள். பணிக்குச் செல்லும் வழியில் உயிரிழந்த ஒரு காவலாளியின் வழக்கில், 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே பொருளைக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கூறியது.

2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசியது. வேலை ஐந்து கிலோமீட்டருக்குள் தரப்படவேண்டும். அதற்கு அப்பால் என்றால் போக்குவரத்துக்கும் பிழைப்புச் செலவுக்குமாகக் கூலியில் பத்து விழுக்காடு கூட்டித் தரவேண்டும் என்றது. மண்வெட்டி பிடிக்கும் தொழிலாளிக்குத் தூரத்துக்கு விலை உண்டு என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டது. பேனா பிடிக்கும் தொழிலாளியோ அதைக் கேட்கவே வெட்கப்படுகிறார்.

வேலை கொடுப்பவர் இடமும் கொடுத்த காலம் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920-களின் இறுதியில் திருச்சிக்கு அருகே பொன்மலைக்கு மாற்றப்பட்டது. ஆட்குறைப்பும் 1928-ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும் கலந்த கசப்பான வரலாறு அது. ஆயினும் பணிமனையோடு தொழிலாளர் குடியிருப்பும் அங்கே எழுந்தது. பின்னாளில் நெய்வேலியிலும் திருவெறும்பூரிலும் பொதுத்துறை ஆலைகள் வந்தபோது நகரியங்களும் உடன் வந்தன. தொழிலாளி எங்கே உறங்குவார் என்பதும் நிர்வாகத்தின் கேள்வியாக அன்று இருந்தது. இன்று நியமன ஆணையில் ஒன்பது மணிக்கு இருக்கவேண்டும் என்று மட்டுமே எழுதுகிறார்கள். மூன்று மணி நேரத் தொலைவில் வாழ்கிறார் என்று தெரிந்தே எடுக்கிறார்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் அரை நாள் விடுப்பு.

விவிலியத்தில் திராட்சைத் தோட்ட உரிமையாளர் உவமையை நினைத்துப் பாருங்கள். கடைசியில் வந்தவருக்கும் முழுக்கூலி கொடுத்ததைப் பற்றியே மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். எனக்கு அதில் இன்னொன்று படுகிறது. அந்த உரிமையாளர் விடியற்காலையிலும் ஒன்பது மணிக்கும் நண்பகலிலும் பிற்பகலிலும் தாமே எழுந்து, வேலையற்றோர் நின்ற சந்தைவெளிக்குச் செல்கிறார். தூரத்தைக் கடந்தவர் வேலை கொடுப்பவர்.

நம் பங்குகளும் கேட்டுக்கொள்ளட்டும்

அமெரிக்க அறிஞர் ராபர்ட் புட்னம் 2000-இல் வெளியிட்ட நூலில், நாள்தோறும் பயண நேரம் பத்து நிமிடம் கூடினால், சமூகப் பொதுக்காரியங்களில் ஒருவரது ஈடுபாடு பத்து விழுக்காடு குறைகிறது என்று எழுதினார். அது அமெரிக்கக் கணக்கு. நம் அன்பியக் கூட்டங்களில் காலியாகக் கிடக்கும் பாய்களைப் பார்த்தால் நமக்கும் அந்நியமாகத் தோன்றாது. வின்சென்ட் தே பவுல் சபைக்கு ஆள் இல்லை. பாடற்குழுவில் ஆண்குரல் இல்லை. மறைக்கல்வி வகுப்பெடுக்க இளைஞர் இல்லை. "விசுவாசம் குளிர்ந்துவிட்டது" என்கிறோம். விசுவாசம் எங்கும் குளிரவில்லை. அது இரவு எட்டு மணிக்குப் பாபநாசத்தில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருக்கிறது. வராதவரைக் கடிந்துகொள்வதை விட்டு, ஏன் வர இயலவில்லை என்று கேட்கும் பங்கு எத்தனை? கும்பகோணத்திலேயே நியாயமான சம்பளம் தர இயன்ற கடைக்காரரும் பள்ளி நிர்வாகியும் ஆலை முதலாளியும் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். உள்ளூரில் 18,000-க்குமேல் தர மனமில்லாத நாமே ஒவ்வோர் இளைஞனையும் அந்த வண்டியில் ஏற்றிவிடுகிறோம். திருச்சி இழுக்கிறது என்பதில் பாதி உண்மை. ஊர் தள்ளுகிறது என்பது மறுபாதி.

எனவே, கையில் நியமன ஆணையோடு நிற்கும் ஒவ்வொருவரிடமும் மூன்று காரியங்களை வேண்டிக்கொள்கிறேன். முதலாவது, சம்பளத்தை வேலை நேரத்தால் வகுக்காமல், வீட்டைவிட்டு வெளியே இருக்கும் நேரத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டாவது, இருக்கிற வேலையில் உயர்வு கேளுங்கள்; புதிய வேலையில் தூரத்துக்கு ஈடு கேளுங்கள், அல்லது வாரத்தில் சில நாட்களாவது வீட்டிலிருந்து பணிசெய்ய ஒப்புதல் கேளுங்கள். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது, முடியாது என்று சொல்லிவந்த எத்தனையோ அலுவலகங்களில் ஒரே வாரத்தில் அது முடிந்தது. மூன்றாவதும் முதன்மையானதுமான காரியம்: உங்களுக்காக எழப்போகிறவரை, உங்களுக்காகக் காத்திருக்கப்போகிறவரை, நீங்கள் இல்லாதபோது உங்கள் வேலையையும் சேர்த்துச் செய்யப்போகிறவரை எதிரில் அமரவைத்துக் கேளுங்கள். அவர்கள் போகச் சொன்னால் தலைநிமிர்ந்து போங்கள். அந்தப் பயணம் அப்போது குடும்பம் சேர்ந்து எடுத்த முடிவாகும்.

அந்த இளைஞர் இதை நான் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார். ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. போன வாரம் மீண்டும் கோயில் முற்றத்தில் சந்தித்தேன். பணியில் சேர இன்னும் பத்து நாள் தவணை இருக்கிறது என்றார். முடிவு சொல்லவில்லை.

"வீட்டில் கேட்டேன் சார்" என்றார். "என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காலையில் எத்தனை மணிக்கு எழவேண்டும், அம்மாவுக்கு ஊசி யார் போடுவது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவது என்று ஒவ்வொன்றாக எழுதினாள். பக்கம் நிறைந்துவிட்டது. இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது."

அந்தத் தாளை அவர் நியமன ஆணையோடு சேர்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு அவர் எந்த முடிவுக்கு வந்தாலும் அதை நான் மதிப்பேன்.